மண்புழுவா, மாவு உருண்டையா?

காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் தூண்டில் போடுகிற நண்பர்கள் கூடினால் இந்தப் பேச்சு தவறாமல் வந்துவிடும். ஒரே நாளில் வகை வகையாக மீன் பிடிக்க எது நல்லது?

"புழுவுக்கு மாட்டாத மீன் உண்டாப்பா?" என்பது ஒரு கட்சி. பெரும்பாலும் சரிதான். கெளுத்தி, குரவை, ஆரல், ஜிலேபி எல்லாமே புழுவைக் கவ்வும். தொல்லையும் அங்கேதான். 1952-ல் இந்தியாவுக்குள் வந்த ஜிலேபி இப்போது ஏரி குளமெங்கும் பெருகிக் கிடக்கிறது. மற்ற மீன் வருவதற்குள் புழுவைப் பிடுங்கிவிடும். கெளுத்தி மாட்டினால் முதுகு முள்ளையும் இரண்டு பக்க முள்ளையும் பார்த்துத்தான் கை வைக்க வேண்டும்.

மாவு உருண்டை கெண்டை இனங்களுக்கு. கடலைப் புண்ணாக்குப் பொடி சேர்த்துக் கெட்டியாகப் பிசைய வேண்டும், தளர்ந்தால் கொக்கியிலேயே கரைந்துவிடும். அப்புறம் சூட்சுமமெல்லாம் நூலில் மிதக்கும் தக்கையை ஏற்றி இறக்கி, இரை நிற்கும் ஆழத்தை மாற்றுவதில்தான்: மேல்மட்டத்தில் கட்லா, நடுவில் ரோகு, தரையோரம் மிர்கால். விரால் மட்டும் மாவை அவ்வளவாகச் சீண்டாது.

வகைக் கணக்குதான் வேண்டுமென்றால் என் ஓட்டு புழுவுக்கே. எடை வேண்டுமென்றால் மாவு. அதற்குப் பொறுமையும் வேண்டும், நம்ம ஊர் வெயிலுக்குத் தலையில் ஒரு துண்டும் வேண்டும்.