எம்.சி.ஆர். செருப்பு: மூன்று வருடம், ஆறு சேலை

எங்கள் பள்ளிக்கு இந்த வருடம் மாற்றலாகி வந்த தமிழ் டீச்சர் போன வாரம் என் காலில் கிடந்த எம்.சி.ஆர். செருப்பையே (சர்க்கரையில் கால் மரத்தவர்கள் போடுகிற மெத்தை ரப்பர் செருப்பு) பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அக்கா, அந்தச் செருப்பு நல்லா இருக்கா? எனக்கும் சுகர் வந்திருக்கு, டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கார்" என்று கேட்டாள். நான் உடனே பதில் சொல்லவில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் குனிந்து என் சேலையின் ஃபால்ஸைச் செருப்பின் வெல்க்ரோவிலிருந்து பிய்த்துக்கொண்டிருந்தேன். கோபத்தில் இருக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா அது. வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டு எழுதுகிறேன், இதையே அவளுக்கும் அனுப்பப்போகிறேன்.

எனக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருடம். ஒரு நாளைக்கு ஐந்து பீரியட், நின்றுகொண்டேதான் பாடம். வலது பாதத்தில் இரண்டாவது விரலுக்குக் கீழே, கால் மடங்குகிற மேட்டில் ஒரு கெட்டித் தோல். கால் ஆணி என்று நானே முடிவுகட்டி, மெடிக்கலில் கார்ன் கேப் வாங்கி ஒட்டினேன். அதில் இருப்பது சாலிசிலிக் அமிலம், அதற்கு எது காய்ப்பு எது நல்ல தோல் என்றெல்லாம் தெரியாது, எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஊறவைத்து உரிக்கும். ஐந்தாம் நாள் எடுத்துப் பார்த்தால் வெள்ளையாக ஊறிப்போய், நடுவில் சிவப்பாகக் குழி. வலிக்கவே இல்லை! அதுதான் பயமே. சர்க்கரை உள்ளவர்கள் இதைப் போடக்கூடாது என்று அட்டையிலேயே பொடி எழுத்தில் இருந்ததைப் பிறகுதான் படித்தேன். பிள்ளைகளிடம் கேள்வித்தாளை முழுக்கப் படி என்று இருபது வருடமாகச் சொல்கிறவள் நான்.

அந்தப் புண் ஆற ஆறு வாரம் ஆனது. அப்போதுதான் பாதத்துக்கென்று தனியாகப் பார்க்கிற ஒரு கிளினிக்குக்குப் போனேன். அங்கே ஒரு நர்ஸ் என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, "தொடும்போது சொல்லுங்க டீச்சர்" என்றார். நானும் காத்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க இன்னும் ஆரம்பிக்கலையே?" என்று கேட்டேன். அதற்குள் மூன்று இடத்தில் தொட்டு முடித்திருந்தார். மீன் பிடிக்கிற நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை, பத்து கிராம் அழுத்தத்தில் வளைகிற மாதிரி செய்தது. அது தெரியவில்லை என்றால் பாதத்தைக் காக்கிற உணர்வு போய்விட்டது என்று அர்த்தம். அடுத்து அதிர்கிற குமிழ் ஒன்றைக் கட்டைவிரலில் வைத்து, அதிர்வு எப்போது தெரிகிறது என்று பார்க்க வோல்ட்டை ஏற்றிக்கொண்டே போனார்கள். இருபத்தைந்து வோல்ட்டைத் தாண்டித்தான் தெரிகிறது என்றால் புண் வரும் ஆபத்து அதிகமாம். எனக்கு வலது காலில் 28, இடது காலில் 24.

"இது ஆணி இல்லை டீச்சர், காய்ப்பு" என்று சொல்லிவிட்டு நர்ஸ் பிளேடை எடுத்தார். ஆணிக்கு நடுவில் குருத்து மாதிரி ஒன்று இருக்கும், காய்ப்பு பரவலாகப் படர்ந்திருக்கும். சோப்புக் கட்டியைச் சீவுகிற மாதிரி மெல்லிய மஞ்சள் சுருள்களாக டிரேயில் விழுந்துகொண்டே இருந்தது. என் உடம்பிலிருந்து இவ்வளவா என்று வெட்கமாகக்கூட இருந்தது. இருபது நிமிடம்தான். எழுந்து தரையில் கால் வைத்தேன், தரை தட்டையாக இருந்தது. இவ்வளவு நாளும் செருப்புக்குள் ஒரு புளியங்கொட்டையை வைத்துக்கொண்டு நடந்த மாதிரித்தான் நடந்திருக்கிறேன், அது போன பிறகுதான் இருந்ததே தெரிந்தது. மூன்று வருடத்தில் இந்தச் சந்தோஷம் மட்டும் எனக்குச் சலிக்கவில்லை. ஆறு வாரத்துக்கு ஒருமுறை போகிறேன், ஒரு தடவைக்கு நானூறு ரூபாய். பியூட்டி பார்லரில் பெடிக்யூர் என்று இதைவிட அதிகம் வாங்கிக்கொண்டு இரும்பு அரத்தால் தேய்த்து அனுப்புவார்கள், அந்தப் பக்கம் போய்விடாதே.

சரி, சீவினால் போதாதா, செருப்பு எதற்கு? போதாது. காய்ப்பு என்பது அந்த இடத்தில் பாரம் அதிகம் விழுகிறது என்று தோல் சொல்கிற புகார். சீவினாலும் பாரம் அங்கேயே விழுந்தால் ஒன்றரை மாதத்தில் திரும்ப வளரும். அதோடு காய்ப்பே ஒரு கல் மாதிரி உள்ளே அழுத்தும், அடியில் புண் வந்தாலும் மேலே தெரியாது. அதற்குத்தான் எம்.சி.ஆர்., மைக்ரோசெல்லுலர் ரப்பர். உள்ளே பொடிப் பொடிக் காற்றறைகள் உள்ள மெத்தென்ற ரப்பர், பாரத்தைப் பாதம் முழுக்கப் பரப்பிவிடும். அடியில் கெட்டியான தட்டு, ஆணியோ முள்ளோ ஏறாமல் இருக்க. விரலிடுக்கில் வார் கிடையாது, அந்த இடுக்கில் உரசினால் புண்தான். பின்னால் பட்டை கட்டாயம், உணர்வில்லாத காலிலிருந்து செருப்பு கழன்று போனால்கூட நமக்குத் தெரியாது.

வேலூர்க்காரர்களுக்கு இந்தச் செருப்பு புதிது இல்லை, சங்கடமே அதில்தான். 1946ல் இங்கே சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயில் சதை தானாக அழுகுவதில்லை, வலி தெரியாததால் அடிபட்டுப் பட்டுத்தான் புண்ணாகிறது என்று காட்டியவர். தொழுநோயாளிகளுக்காகத்தான் இங்கேயும் பக்கத்தில் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் இந்த மெத்தை ரப்பர் செருப்பு பழக்கத்துக்கு வந்தது. சர்க்கரையிலும் அதே கதைதான், நரம்பு மரத்துப்போகிறது, கால் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியாமல் நிற்கிறது. ஆனால் முதல் ஜோடியை வீட்டு வாசலில் கழற்றிப் போட்ட அன்று என் மாமியார், "இது அந்த ஆஸ்பத்திரிச் செருப்பாச்சே, யார் போட்டுக்கிட்டு வந்தது?" என்று கேட்டார். நான்தான் அத்தை என்றேன். ஒரு வாரம் அதைப் பின்வாசலில்தான் விட்டேன். இன்றைக்கு அவருக்கும் ஒரு ஜோடி இருக்கிறது, அவர் வைத்திருப்பது பழுப்பு நிறம்.

இப்போது வெல்க்ரோவுக்கு வருகிறேன். சாயங்காலம் கால் வீங்கினால் தளர்த்திக்கொள்ளலாம், குனிய முடியாதவர்கள் ஒரு கையால் போட்டுக்கொள்ளலாம், பக்கிளைவிட உரசல் குறைவு, எல்லா நியாயமும் எனக்குத் தெரியும். ஆனால் இதை வடிவமைத்த ஆள் ஒருநாளாவது சேலை கட்டி நடந்திருக்க மாட்டார். வளையத்தில் நுழைத்து மடித்து ஒட்டிய பட்டையின் நுனி நாலு மாதத்தில் மெல்லத் தூக்கிக்கொள்ளும். கொக்கி கொக்கியாக இருக்கிற முள் பக்கத்தில் தலைமுடி, பஞ்சு, சாக்பீஸ் தூள் எல்லாம் சேர்ந்து பிடிமானம் போய்விடும். அப்புறம் அந்த முள் பக்கம் சும்மா இருக்குமா, படியேறும்போது சேலை ஓரத்தைக் கவ்வும். மூன்று வருடத்தில் ஆறு சேலை, அதில் ஒன்று என் தங்கை கல்யாணத்துப் பட்டு. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்தேன், ஊசியால் நூல் நூலாக எடுத்துப் பார்த்தேன். இரண்டு நாள் நல்லபடியாக இருக்கும்.

போன மாதம் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து அறுபது ரூபாய்க்கு வெல்க்ரோவை மாற்றினேன். நல்ல தையல், குறை சொல்ல முடியாது. ஆனால் பக்கத்தை மாற்றி வைத்துவிட்டார். இப்போது முள் பக்கம் அடியில் இருந்து மேலே பார்க்கிறது, பட்டையை ஒட்டிய பிறகும் ஒரு விரற்கடை முள் வெளியே நிற்கிறது. நீ பார்த்தது அதைத்தான்.

இன்னொன்று, ரப்பர் உழைக்காது. மேலே பார்க்கப் புதுசு போலவே இருக்கும், கட்டைவிரலால் அழுத்தினால் திரும்பி எழாது. எனக்கு எட்டு, ஒன்பது மாதத்தில் அந்த நிலைமை வந்துவிடுகிறது. இதுவரை நாலு ஜோடி, ஒவ்வொன்றும் ஆயிரத்து நானூறு. ஜலகண்டேஸ்வரர் கோயிலில் செருப்பைக் கழற்றத்தான் வேண்டும், மே மாதக் கருங்கல் தரையில் கால் வெந்தாலும் எனக்குத் தெரியாது என்பதால் தடிமனான சாக்ஸ் போட்டுக்கொண்டு காலையிலேயே போய்விடுகிறேன். ராத்திரி யூரியா கிரீம், குதிகாலுக்கு மட்டும், விரலிடுக்கில் வேண்டாம், அங்கே ஈரம் நின்றால் சேற்றுப்புண் வரும். இந்த மூன்று வருடத்தில் பித்தவெடிப்பும் போயிற்று, புண் ஒன்றுகூட வரவில்லை, காய்ப்பும் முன்பு மாதிரி தடிப்பதில்லை.

அதனால் மார்க் போடச் சொன்னால், கிளினிக்குக்குப் பத்துக்குப் பத்து, செருப்புக்கு மூன்று. ஆமாம், மூன்றுதான், மேலே எழுதியதையெல்லாம் படித்துவிட்டுச் சண்டைக்கு வராதே. வாங்காதே என்றே சொல்லத் தோன்றுகிறது. முதலில் போய் அந்த நைலான் நரம்பில் காலைச் சோதித்துக்கொள், உனக்கு உணர்வு சரியாக இருந்தால் விரலை நெருக்காத மிருதுவான சாதாரணச் செருப்பே போதும் என்றுகூடச் சொல்லலாம். வேண்டும் என்று சொல்லிவிட்டால், வரும் சனிக்கிழமை என்னோடு வா. ஐந்தாவது ஜோடிக்கு அளவு கொடுக்கப் போகிறேன். பட்டையை அரை அங்குலம் குறைத்துத் தைக்கச் சொல்லிக் கேட்கப்போகிறேன், போன தடவையும் கேட்டேன். அன்றைக்கு மட்டும் சுடிதார் போட்டுக்கொண்டு வா.