முழங்கை வலிக்கு ஒரு ரப்பர் தண்டு: தெராபேண்ட் ஃபிளெக்ஸ்பார்

முதலில் இந்தத் தண்டின் நிறத்தைச் சொல்லிவிடுகிறேன், எவ்வளவு முரடு என்பதை அதுதான் காட்டும். மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம் என்று வருகிறது. மஞ்சள் ரொம்ப இளக்கம், நீலம் முரடு. பார்பெல் தூக்குகிற ஆள் சிவப்பா வாங்குவது என்று கௌரவம் பார்க்காதீர்கள். சிவப்பே வாங்குங்கள். டெட்லிஃப்டில் எத்தனை கிலோ இழுக்கிறீர்கள் என்று வலிக்கிற தசைநார் கேட்கப்போவதில்லை.

பொருள் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. ஓர் அடி நீள ரப்பர் தண்டு, கை வழுக்காமலிருக்க மேலே வரிவரியாக இருக்கும். இதற்கா இவ்வளவு விலை என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வருஷத்துக்கு இரண்டு முறையாவது முழங்கையின் உள்பக்க எலும்பு முனையில் வலி வந்து, புல்லப் கம்பியைப் பார்த்தாலே முகம் சுளிக்கிறவனுக்குக் கணக்கு வேறு.

இதை முறுக்குவதுதான் பயிற்சி. ஈரத்துணி பிழிவது போலத் தெரியும், ஆனால் சூட்சுமம் வேறு இடத்தில் இருக்கிறது. உள்பக்க வலிக்கு, வலிக்கிற கையின் மணிக்கட்டை உள்நோக்கி மடித்துத் தண்டைப் பிடிக்க வேண்டும். முறுக்குகிற வேலை முழுக்க நல்ல கையுடையது. அப்புறம் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, வலிக்கிற மணிக்கட்டு மெதுவாகப் பின்பக்கம் சாயும்படி முறுக்கை விட்டுக்கொண்டே வர வேண்டும். மனதுக்குள் நாலு எண்ணும் அளவுக்கு மெதுவாக. அதாவது வலிக்கிற கை எதையும் தூக்குவதில்லை, இறக்க மட்டும் செய்கிறது. அவசரப்பட்டு விட்டால் தண்டு படக்கென்று திரும்பிக்கொள்ளும், பிரயோஜனமில்லை. பதினைந்து முறை, மூன்று செட், தினமும். டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம்.

வெளிப்பக்க வலி, அதாவது டென்னிஸ் எல்போ, இருப்பவர்கள் இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். நியூயார்க்கில் பிசியோதெரபிஸ்ட் டிமத்தி டைலர் குழுவினர் 2010-இல் முதலில் சோதித்துப் பார்த்தது அந்த வடிவத்தைத்தான். ‘டைலர் ட்விஸ்ட்’ என்ற பெயர் அப்படி வந்தது. உள்பக்க வலிக்கான முடிவுகளை 2014-இல் வெளியிட்டார்கள். இரண்டுமே சின்ன ஆய்வுகள், இருபது பேர் அளவில். அதனால் மந்திரக்கோல் என்று நினைத்து வாங்க வேண்டாம்.

எனக்குச் சில வாரங்களில் வலி இறங்கியது. ஆனால் பழைய பழக்கத்தை மாற்றாமல் இருந்தால் திரும்ப வந்திருக்கும். பிசியோ முதல் நாளே கேட்டார்: "சார், ஸ்குவாட்ல பாரை எங்க வைப்பீங்க?" லோ பார் என்றேன், அதாவது கழுத்தடியில் இல்லாமல் சற்றுக் கீழே, தோளின் பின்பக்கத்தில். தோள் இறுக்கமாக இருந்தால் மணிக்கட்டு பின்னால் மடங்கி, பாரின் எடையில் ஒரு பங்கு கைக்கு வந்துவிடும்; முழங்கை அங்கேதான் மாட்டுகிறது. இப்போது ஹை பார், அதாவது கழுத்தடியில்; பிடியும் அகலம். நேர்க்கம்பியில் கர்ல் (முழங்கையை மடித்து எடை தூக்குவது) இல்லை, உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும் சுத்தியல் பிடியில் டம்பெல் மட்டும். உள்ளங்கை நம்மைப் பார்க்கும் சின்னப்பைக் கொஞ்ச காலம் நிறுத்தினேன். ஜிம் மாஸ்டர், "தம்பி, பேசாம ஒரு மாசம் ரெஸ்ட் எடு" என்றார். எடுத்தால் வலி போகும்தான். திரும்பப் பாரைப் பிடித்த வாரமே அதுவும் வந்து நிற்கும். எடையைக் குறைத்துத் தொடர்வதுதான் எனக்கு ஒத்துவந்தது. பயிற்சியின்போது லேசாக வலித்தால் பரவாயில்லை, மறுநாள் காலையில் கூடியிருந்தால் குறைத்துக்கொள்வேன்.

முழங்கைக்குக் கீழே இறுக்கிக் கட்டும் பட்டையும் ஒன்று வைத்திருக்கிறேன். கட்டியிருக்கும் நேரம் சுகம்தான், கழற்றினால் கதை பழையபடி. முதலில் வாங்கிய மலிவான பட்டையில் ஒட்டும் பகுதி சீக்கிரமே பிய்ந்துபோனது, விற்றவர்கள் மாற்றித் தரவில்லை. இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் தண்டை வாங்குங்கள்.

மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போகிறதா? அப்படியென்றால் நரம்பு விஷயமாக இருக்கலாம். தண்டை வாங்குவதற்கு முன் டாக்டரைப் பாருங்கள்.

பச்சைக்கு எப்போது மாறுவது என்று கேட்பீர்கள். சிவப்பில் மூன்று செட்டும் வலியில்லாமல், சலிப்பாக முடியும்போது. நான் இன்னும் சிவப்பில்தான்.