விமான டயர்: பயாஸா, ரேடியலா?

விமான டயரில் பழைய ரகம் பயாஸ், புதிய ரகம் ரேடியல். போயிங் 777 போன்ற பெரிய ஜெட்டுகளில் ரேடியல்தான். செஸ்னா 172 போன்ற சிறு பயிற்சி விமானங்களில் இன்னும் பயாஸ் ஓடுகிறது. பழசு, புதுசு என்று மட்டும் பார்த்தால் ரேடியலுக்குத்தான் ஓட்டு. ஹேங்கரில் சக்கரம் கழற்றி மாட்டுகிறவரிடம் கேட்டால் பதில் அவ்வளவு சுலபமாக வராது.

பயாஸில் நைலான் இழை அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்கே சாய்வாகப் போகும்; பக்கச்சுவர் முரடு. ரேடியலில் இழைகள் ஒரு பீடிலிருந்து (சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும் டயரின் உள்விளிம்பு) அடுத்த பீடுக்கு நேராக ஓடும். தரையைத் தொடும் ரப்பர் பகுதியான ட்ரெட்டுக்கு அடியில் தனியாக பெல்ட், அதாவது வலுவூட்டும் பட்டை, இருக்கும். அதனால் எடை குறைவு, சூடாவதும் குறைவு, ட்ரெட் தேய்வதற்குள் கூடுதல் லேண்டிங் கிடைக்கும்.

சிக்கல் கண்ணால் பார்க்கும்போது வருகிறது. பிரஷர் சரியாக இருந்தாலும் ரேடியலின் பக்கச்சுவர் கொஞ்சம் பிதுங்கியே நிற்கும். அதைப் பார்த்துப் பழகிய கண், நிஜமாகவே காற்று குறைந்த டயரையும் ‘எப்போதும் இப்படித்தானே’ என்று விட்டுவிடும். ஒரே அச்சில் இரண்டு சக்கரம் இருந்தால் பக்கத்து டயர் பாரத்தை வாங்கிக்கொள்ளும், குறை வெளியே தெரியாது. கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும், அதுவும் தரையிறங்கி இரண்டு மூன்று மணி நேரம் ஆறிய பிறகு. பொதுவான நடைமுறைப்படி, இருக்க வேண்டிய பிரஷரில் 90 சதவீதத்துக்குக் கீழே போனால் டயரைக் கழற்ற வேண்டும். 80க்கும் கீழே என்றால் அதே அச்சிலுள்ள ஜோடியையும். இது இரண்டு ரகத்துக்கும் பொது. 1991 ஜூலையில் ஜெட்டாவில் டிசி-8 விமானம் ஒன்று காற்று குறைந்த டயரோடு கிளம்பியது. ஓடுபாதையிலேயே டயர் சூடேறிச் சிதைந்து தீப்பிடித்தது. சக்கரம் உள்ளே மடங்கியபோது தீயும் உள்ளே போனது. 261 பேர் இறந்தார்கள். காற்று குறைவு என்று தரைப் பணியாளர்களுக்குத் தெரிந்தேதான் விமானம் புறப்பட்டது என்பது இன்னும் கொடுமை.

ரேடியலுக்கு வலுவான சாட்சி, ஒலியை மிஞ்சிய வேகத்தில் பறந்த பயணிகள் விமானம் கான்கார்ட். 2000 ஜூலையில் பாரிஸில் ஓடுபாதையில் கிடந்த டைட்டானியம் பட்டை அதன் பயாஸ் டயரைக் கிழித்தது. நாலரை கிலோ எடையுள்ள ரப்பர் துண்டு எரிபொருள் தொட்டியின் அடியில் மோத, விமானம் தீப்பிடித்து விழுந்தது. 2001இல் கான்கார்ட் மறுபடி பறந்தபோது, வெட்டுப்பட்டாலும் பெரிய துண்டாகச் சிதறாத மிஷலின் ரேடியல் டயர்கள் அதில் இருந்தன.

ரீட்ரெடிங்கில், அதாவது தேய்ந்த ட்ரெட்டை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதில், பயாஸ் முந்துகிறது. விமானத்துக்கு ரீட்ரெட் டயரா என்று பதற வேண்டாம், அது அன்றாட நடைமுறைதான். பயாஸின் உடல் பொதுவாகக் கூடுதல் முறை தாங்கும், வாங்கும் விலையும் குறைவு. ஆனால் விமான நிறுவனம் கணக்குப் போடுவது ஒரு லேண்டிங்குக்கு எவ்வளவு செலவு என்றுதான்; தினமும் பல தடவை பறக்கும் ஜெட்டுக்கு என் ஓட்டு ரேடியலுக்கே.

பழைய விமானம் வைத்திருப்பவருக்கு இந்த விவாதமே இல்லை. பயாஸுக்காகச் செய்த சக்கரத்தில், தயாரிப்பாளர் அனுமதி இல்லாமல் ரேடியலை மாட்ட முடியாது. ஒரே அச்சில் ஒன்று இது, ஒன்று அது என்று கலக்கவும் கூடாது. இரண்டும் பாரத்தைச் சமமாகத் தாங்காது.