பெரிய இனக் குட்டிகளுக்கான கால்சியம் சிரப்: வாங்கலாமா, வேண்டாமா?

ஜெர்மன் ஷெப்பர்டு, லாப்ரடார், கிரேட் டேன் என்று எந்தக் குட்டியை வாங்கினாலும், பெட் ஷாப்பில் தீனி மூட்டையோடு சேர்த்துக் கொடுப்பது இந்த 200 மில்லி பாட்டிலைத்தான். கால்சியம், பாஸ்பரஸ், வைட்டமின் டி3, பெரும்பாலும் பி12. பெயர்தான் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது, சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் எல்லாவற்றுக்கும் சேர்த்தே எழுதுகிறோம்.

முதலில் லேபிள். 'கால்சியம் பாஸ்பேட் 500 மி.கி.' என்று போட்டிருந்தால் அது 500 மி.கி. கால்சியம் ஆகாது. ட்ரைகால்சியம் பாஸ்பேட்டில் சுமார் 39 சதவீதம்தான் கால்சியம், ஆக 195 மி.கி. பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள்: அடியில் வெள்ளை வண்டல் அப்பிக்கொண்டிருக்கும். குலுக்காமல் ஊற்றினால் முதல் வாரம் குட்டிக்குப் போவது வெறும் இனிப்புத் தண்ணீர், கடைசி வாரம் சுண்ணாம்புக் குழம்பு.

அடுத்தது கணக்கு. நாலு மாதக் குட்டி ஒரு நாளைக்கு 350 கிராம் 'லார்ஜ் பிரீட் பப்பி' தீனி தின்கிறது, அதில் 1.2 சதவீதம் கால்சியம் என்றால் 4.2 கிராம் உள்ளே போய்விட்டது. வளர்ந்தபின் 32 கிலோவைத் தொடும் இனங்களுக்கு, ஈரம் கழித்த கணக்கில் 1.2 முதல் 1.8 சதவீதம் வரை போதும் என்கிறது செல்லப்பிராணித் தீனிக்கான அமெரிக்காவின் ஆஃப்கோ (AAFCO) தரம். 5 மில்லிக்கு 200 மி.கி. உள்ள சிரப்பை 20 மில்லி கொடுத்தால் இன்னும் 0.8 கிராம் சேரும். அது மட்டும் என்றால் வரம்பு தாண்டாமல் இருக்கலாம். ஆனால் யாரும் அதோடு நிறுத்துவதில்லை. கால்சியம் எலும்பு, மாத்திரை, முட்டை ஓட்டுப் பொடி, பால் என்று ஒவ்வொன்றாக ஏறும்.

ஏறினால் என்ன? ஆறு மாதத்துக்குள் இருக்கும் குட்டியின் குடலுக்கு 'போதும்' என்று சொல்லத் தெரியாது. கொடுத்ததில் பெரும்பங்கை உறிஞ்சிக்கொள்ளும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன் குட்டிகளை வைத்து நடந்த ஆய்வுகளில், கால்சியம் மிஞ்சியபோது குருத்தெலும்பு எலும்பாக மாறுவது தடுமாறி, கால்கள் வளைந்தன. அதனால் இந்தத் தீனி சாப்பிடும் குட்டிக்கு எங்கள் தீர்ப்பு: வாங்காதீர்கள்.

இதைவிடப் பெரிய குறை, நொண்டலுக்கு மருந்தாக இது விற்கப்படுவது. குட்டி காலைத் தூக்கினாலே 'கால்சியம் கம்மி' என்று சொல்லி இன்னொரு பாட்டில் கொடுக்கிறார்கள். ஐந்து மாதத்துக்கு மேல், குறிப்பாக ஜெர்மன் ஷெப்பர்டில், இந்த வாரம் முன்னங்கால், மூன்று வாரம் கழித்துப் பின்னங்கால் என்று நொண்டல் இடம் மாறினால் பேனோஸ்டியைட்டிஸாக (வளரும் நாய்களின் நீண்ட எலும்புகளுக்குள் வரும் அழற்சி) இருக்க வாய்ப்பு அதிகம். மூட்டுப் பகுதியை விட்டுவிட்டு, நீண்ட எலும்பின் நடுப்பகுதியை விரலால் அழுத்தினால் குட்டி வெடுக்கென்று காலை இழுக்கும். எக்ஸ்ரேயில் மஜ்ஜைக்குள் மேகம்போல் வெண்திட்டு தெரியும். ஆரம்பத்தில் தெரியாமலும் போகும், பத்து நாள் கழித்து மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். வலிக்கு மருந்தும் ஓய்வும் போதும், தானாகவே அடங்கும் நோய் இது. அந்தச் சமயத்தில் கொடுத்த சிரப்புக்கு வீணாகப் பெயர் கிடைத்துவிடுகிறது.

மூன்று, நாலு மாதத்தில் வரும் ஹைப்பர்ட்ரோபிக் ஆஸ்டியோடிஸ்ட்ரோபி (எலும்பின் வளரும் நுனியில் வரும் அழற்சி) வேறு ரகம். இரண்டு முன்னங்கால்களிலும் மணிக்கட்டுக்குச் சற்று மேலே வீங்கி, தொட்டால் சுடும். காய்ச்சல் 105 டிகிரியைத் தாண்டலாம், குட்டி எழுந்து நிற்கவும் மறுக்கும், சோறும் தொடாது. எக்ஸ்ரேயில் வளர்ச்சித் தட்டுக்கு (எலும்பு நீளும் குருத்தெலும்புப் பட்டை) பக்கத்திலேயே அதற்கு இணையாக இன்னொரு கருங்கோடு ஓடும். இதற்குக் கால்சியமும் உதவாது, சிலர் சொல்லும் வைட்டமின் சி-யும் உதவாது. அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கார்ப்ரோஃபென், மெலாக்ஸிகம் போன்ற வலி மருந்துகளை எடை பார்த்து அவர்தான் தர வேண்டும். வீட்டில் இருக்கும் ஐபுப்ரோஃபெனையோ டைக்ளோஃபெனாக்கையோ தயவுசெய்து கொடுக்காதீர்கள், இரைப்பையும் சிறுநீரகமும் கெட்டுவிடும். ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதை அடுத்த டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள், ஸ்டீராய்டும் இந்த வலி மருந்துகளும் சேரக்கூடாது.

சரி, சோறும் கோழியும் மட்டும் சாப்பிடும் குட்டிக்கு? அங்கே பற்றாக்குறை நிஜம். எலும்பில்லாத கோழி 100 கிராமில் பாஸ்பரஸ் 200 மி.கி. அளவுக்கு இருக்கும், கால்சியமோ 15 மி.கி.கூடத் தேறாது. அந்தக் குட்டியின் உடம்பு தன் எலும்பையே கரைத்துச் சமாளிக்கும். எலும்பு மெலிந்து, குதித்தாலே முறியும். ஆனால் அங்கேயும் சிரப் போதாது. 1000 கலோரி உணவுக்குக் குறைந்தது 3 கிராம் கால்சியம் வேண்டும். மேலே சொன்ன சிரப்பில் அது 75 மில்லி, கூடவே டி3-யும் அத்தனை மடங்கு ஏறும். கழுவி, காயவைத்து, மாவாக அரைத்த முட்டை ஓடு ஒரு கிராமில் 380 மி.கி. அளவுக்குக் கால்சியம் உண்டு. அதே 1000 கலோரிக்கு எட்டு கிராம் போதும். ஸ்பூன் கணக்கு வேண்டாம், சின்ன டிஜிட்டல் தராசில் நிறுத்துப் போடுங்கள். மொத்த உணவையும் டாக்டரிடம் ஒருமுறை எழுதிக் காட்டுங்கள், செம்பும் துத்தநாகமும் இந்தச் சாப்பாட்டில் குறைவுதான்.