மல்யுத்த ரசிகருக்கு எது: பிளேஸ்டேஷன் 5-ஆ, ஸ்விட்ச் 2-ஆ?

டபிள்யூடபிள்யூஈ 2கே25 என்ற மல்யுத்த வீடியோ விளையாட்டு 2025 ஜூலையில் நிண்டெண்டோ ஸ்விட்ச் 2-க்கும் வந்துவிட்டதால், இந்த இரு விளையாட்டுக் கருவிகளில் எதை வாங்குவது என்ற குழப்பம் ரசிகர்களிடையே கூடியிருக்கிறது. 2017-இல் முதல் ஸ்விட்சில் வெளியான அதே வரிசையின் 2கே18, வளையத்துக்குள் ஆட்கள் சேரச் சேரத் திணறியதை மறக்காதவர்களின் தயக்கம் நியாயமானதே.

காட்சித்தரம்: மல்யுத்த வீரர் அண்டர்டேக்கர் இருளில் அடிமேல் அடிவைத்து வரும்போது புகையும் நீல ஒளியும் துல்லியமாகத் தெரிய வேண்டுமானால், பெரிய திரையில் பிளேஸ்டேஷன் 5-தான். அந்த நுழைவைப் பொத்தானை அழுத்தித் தாண்டிச் செல்பவர்களை என்னால் புரிந்துகொள்ளவே முடிந்ததில்லை. ஸ்விட்ச் 2-இன் 7.9 அங்குலத் திரையில் அந்தப் பிரமிப்பு சற்றுக் குறைகிறது.

சேமிப்பிடம்: பிளேஸ்டேஷன் 5-இன் முதல் மாடலிலேயே 825 ஜிபி, ஸ்விட்ச் 2-இல் 256 ஜிபி மட்டுமே, விரிவாக்க மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் அட்டை தேவை, பழைய அட்டைகள் விளையாட்டுகளுக்கு உதவாது.

எளிமை: ஸ்விட்ச் 2-ஐக் கையோடு எடுத்துச் செல்லலாம், ஆனால் மின்கலம் விளையாட்டைப் பொறுத்து 2 முதல் 6.5 மணி நேரமே தாங்கும்.

நண்பர்களைக் கூட்டி, பலர் ஒரே வளையத்தில் மோதும் ராயல் ரம்பிள் நடத்துபவர்களுக்குப் பிளேஸ்டேஷன் 5. பயணத்தில் ஓரிரு போட்டிகள் போதுமென்பவர்களுக்கு ஸ்விட்ச் 2.