கடலடி ஆழத்தின் பிழை: கணக்கை நம்புவதா, குறுக்குக் கோட்டையா?

கப்பலுக்கு அடியில் விசிறிபோல் பல ஒலிக்கற்றைகளை (பீம்) அனுப்பி ஆழம் அளக்கும் மல்டிபீம் சோனார் தரும் ஆழத்தோடு, அது எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்றும் சொல்லியாக வேண்டும். அதற்கு இரண்டு வழி. ஒன்று டிபியூ (TPU) என்ற பிழைக் கணக்கு: கப்பலின் ஆட்டம், ஜிபிஎஸ், ஓதம், ஒலி வேகம் ஒவ்வொன்றிலும் எவ்வளவு பிழை வரலாம் என்று மென்பொருளில் கொடுத்தால், மொத்தப் பிழையைக் கணக்கிட்டுத் தரும். இன்னொன்று குறுக்குக் கோடு: கப்பல் அளந்துகொண்டே ஓடிய கோடுகளுக்குக் குறுக்கே ஒருமுறை ஓடி, ஒரே இடத்தின் இரண்டு ஆழங்களைக் கழித்துப் பார்ப்பது.

டிபியூ கடலுக்குப் போகும் முன்பே கிடைக்கும், கூடுதல் ஓட்டம் வேண்டாம். கியூப் (CUBE) என்ற, ஆழப் புள்ளிகளிலிருந்து கடலடியைக் கணிக்கும் முறையில் தரவைச் சலிக்கவும் அது வேண்டும். சரி, அதை ஒதுக்க முடியாது.

ஆனாலும் நான் குறுக்குக் கோட்டின் பக்கம். காரணம் ஒலி வேகம். 40 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். சோனார் முகத்தில் வேகம் சரி. கீழே உள்ள நீரில் உண்மை வேகம் நாம் கொடுத்ததைவிட விநாடிக்கு 5 மீட்டர் கூடுதல். நேர் கீழே 13 செ.மீ. ஆழம் குறைந்து தெரியும். செங்குத்திலிருந்து 45 டிகிரி சாய்ந்த பீமில் பிழை ஏறக்குறைய பூஜ்யம். 65 டிகிரிக்குப் போனால் அரை மீட்டர் அதிகமாகத் தெரியும்! கடல் அளவைக்கான சர்வதேசத் தரமான எஸ்-44-இன் சிறப்பு வகை இந்த ஆழத்தில் அனுமதிப்பதே 0.39 மீட்டர்தான். டிபியூவோ, காலையில் ஒலி வேகப் பிழை விநாடிக்கு 1 மீட்டர் என்று தட்டினால் மாலைவரை அதையே நம்பும்.

ஆற்றுநீர் கலக்கும் ஒரு பகுதியில் எனக்கு நடந்தது இதுதான். டிபியூ வரைபடம் முழுக்கப் பச்சை, அதாவது எல்லாம் வரம்புக்குள். குறுக்குக் கோட்டு வித்தியாசங்களை பீம் கோணத்துக்கு எதிராக வரைந்து பார்த்ததும், கோடு இருபுறமும் தொங்கிய மீசை மாதிரி! மதியத்துக்குமேல் நீரடுக்கு மாறியிருந்தது. நாங்கள் காலையில் எடுத்த ஒலி வேக அளவையே ஓட்டிக்கொண்டிருந்தோம்.

குறுக்குக் கோடும் எல்லாவற்றையும் பிடிக்காது. ஓத அளவின் அடிமட்டம் (ஆழத்தை எண்ணத் தொடங்கும் பூஜ்ய மட்டம்) தவறென்றால் இரு ஓட்டங்களும் சேர்ந்தே தப்பும், வித்தியாசம் பூஜ்யம் என்று சிரிக்கும். சரிவான தரையில் கிடைமட்ட நகர்வுகூட ஆழப் பிழைபோலத் தெரியும். அதனால் சமதரையாகப் பார்த்து ஓட வேண்டும். என் வேலை பெரும்பாலும் 60 மீட்டருக்குள்தான். ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்தில், கப்பல் நேரம் போகும் விலைக்கு, ஒருவேளை நானும் டிபியூவையே அதிகம் நம்புவேன்.

அப்புறம், குறுக்குக் கோட்டை நான் கடைசி நாளுக்கு வைப்பதில்லை. இரண்டாம் நாளே ஓடிவிட்டால், மீசை தெரிந்தாலும் திரும்ப ஓட நாள் மிச்சமிருக்கும்.