லெஸ்லியில் ஹம்: மொத்தமாக மாற்றுவதா, தேடிப் பிடிப்பதா?

லெஸ்லி என்பது ஆர்கனோடு சேர்க்கும் சுழலும் ஸ்பீக்கர் பெட்டி. அதன் பழைய 122, 147 மாடல்களின் வால்வு ஆம்ப்ளிஃபையர்களில் ‘ஊம்’ என்று இரைச்சல் (ஹம்) கிளம்பினால் ரிப்பேர்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். கெபாசிட்டர்களை எல்லாம் மொத்தமாக மாற்று என்பது ஒன்று. இரைச்சல் எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடித்த பிறகே சால்டரிங் அயர்னைத் தொடு என்பது மற்றொன்று. நான் இரண்டாவது கட்சி, ஒரே ஒரு விலக்கோடு.

விலக்கு, பவர் சப்ளையில் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் ஃபில்டர் கெபாசிட்டர்கள். எலக்ட்ரோலிட்டிக் வகை வயதாக வயதாகக் காய்ந்துபோகும். பல வருடம் சும்மா கிடந்த பெட்டியில் அவை ஷார்ட்டானால் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்துக் கொண்டுபோகும். இவற்றை யோசிக்காமல் மாற்றலாம். ஆனால் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வாக இருந்தால், அதற்கு அடுத்த முதல் கெபாசிட்டரின் மதிப்பை மட்டும் தாராளமாக ஏற்றிவிடக் கூடாது, வால்வு தாங்காது.

மற்றதையும் மாற்றிவிட்டால் நிம்மதிதானே என்றால், இல்லை. பத்துப் பன்னிரண்டு உறுப்புகளை ஒரே மூச்சில் மாற்றியபின் புதிதாக ஒரு சத்தம் வந்தால் எந்த சால்டரைச் சந்தேகப்படுவது?

தேடும் வழியில் முதல் கருவி காதுதான். ஃபில்டர் பழுதென்றால் ஹம் மின்சாரத்தின் இரட்டை அதிர்வெண்ணில் இருக்கும்: 50 ஹெர்ட்ஸ் லைனில் 100, 60-இல் 120. லைன் அதிர்வெண்ணிலேயே தாழ்வாக உறுமினால் எர்த் லூப் (இரண்டு வழியில் எர்த் இணைந்து உண்டாகும் வளையம்), வால்வுக்குள் சூடேற்றும் இழையிலிருந்து கேத்தோடுக்குக் கசிவு போன்றவற்றைப் பார்க்க வேண்டும். அங்கே புது ஃபில்டர் ஒன்றும் செய்யாது.

அப்புறம், கேபிளைக் கழற்றிப் பார்க்கலாம் என்றால், 122-இல் ஆர்கனிலிருந்து வரும் 6 பின் கேபிளில்தான் மின்சாரமும் வருகிறது. கழற்றினால் எல்லாமே அடங்கிவிடும், ஒன்றும் தெரியாது. அதனால் ஆஃப் செய்து, சிக்னல் முதலில் நுழையும் 12ஏயு7 வால்வை உருவிவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். ஹம் நின்றால் குறை அந்த வால்விலோ அதற்கு முன்னாலோ. தொடர்ந்தால் பவர் சப்ளை அல்லது ஸ்பீக்கரை ஓட்டும் 6550 வால்வு ஜோடி. இந்த ஜோடி மாறி மாறி வேலை செய்யும் புஷ்-புல் சர்க்யூட்டில் இரண்டு வால்வும் சமமாக மின்சாரம் இழுத்தால்தான் சப்ளையில் மிஞ்சும் அதிர்வு (ரிப்பிள்) இரு பக்கமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஒன்று தளர்ந்திருந்தால் நல்ல ஃபில்டர் இருந்தும் ஹம் கேட்கும். மொத்தமாக மாற்றுகிற கட்சி தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

122-க்கே உரிய இன்னொரு தொல்லை, சுழலும் வேகத்தை மாற்றும்போது வரும் ‘டொப்’. அதில் சிக்னல் பேலன்ஸ்டு, அதாவது இரண்டு கம்பிகளில் எதிரெதிராகப் போகிறது. வேகக் கட்டுப்பாட்டு டிசியும் அதே இரண்டு கம்பிகளில் சவாரி செய்கிறது. 12ஏயு7-இன் இரு பாதிகளும் பொருந்தாவிட்டால் அந்த டிசி மாற்றம் ஸ்பீக்கர்வரை வந்துவிடும். கெபாசிட்டர் மூட்டையே மாற்றினாலும் தீராதது, ஒரு வால்வில் தீரலாம்.

147-இன் சிக்னல் பேலன்ஸ்டு இல்லை என்பதால் கேபிளும் எர்த்தும் முதல் சந்தேகம். எர்த் லூப்புக்காக எர்த் பின்னை வெட்டும் ஆட்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். சிக்னல் வழியில் ஒரு ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் போதும். இன்னொன்று: பிளக் ஒரே மாதிரி இருக்கிறதே என்று 122-ஐயும் 147-ஐயும் மாற்றி மாட்டாதீர்கள். ஒயரிங் வேறு, எரிந்துபோகும்.

கரகரப்புக்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. வால்வு சாக்கெட்டின் காண்டாக்டுகளைச் சுத்தம் செய்து பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். ஆனால் சேசிஸுக்குள் கை வைக்குமுன் ஃபில்டர் கெபாசிட்டர்களை ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்துவிடுங்கள். ஆஃப் செய்த பிறகும் அவற்றில் உயிரை எடுக்கும் அளவு வோல்டேஜ் தங்கியிருக்கும்.